ஏழு மணி வணக்கம்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும், உன்னைவிட முக்கியமாக உன் தொண்டையும் சுகம்தானே? நாடே நம்பியிருக்கிற தொண்டை, பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் மாப்பிள்ளையைப் பட்டாளத்துக்குக் கூட்டிப் போய் மூன்று வாரம் ஆகப்போகிறது. மின்கம்பம் ஏறுகிற மனுஷனுக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தேன். எல்லையில் தொலைபேசிக் கம்பி இழுக்க ஆள் வேண்டுமாம். போகிற அன்றைக்கு, கம்பம் ஏறும்போது கட்டுகிற இடுப்பு வாரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இத யாருக்கும் குடுத்துடாத, வந்து தேடுவேன்" என்றார். அவ்வளவுதான். அவர் என்றைக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினார்!

விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ஏழு மணிக்கு ரேடியோவில் நீ செய்தி வாசிப்பதைக் கேட்கிறேன். நேற்று, "இன்றைய மோதலில் நமது வீரர்கள் பதினான்கு பேர் உயிரிழந்தனர்" என்றாய். அடுத்தது மழைச் செய்தி. இரண்டுக்கும் ஒரே குரல். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையை அன்றைக்கே வாசிப்போம், பெயரை வீட்டுக்குத் தகவல் போன பிறகுதான் வாசிப்போம், ஆனால் பெயர் எழுதிய தாள் எங்கள் கைக்கு முதலிலேயே வந்துவிடும் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். அப்படியென்றால் எனக்கு முன்னால் உனக்குத் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. அந்தத் தாளில் அவர் பெயர் வந்தால், அன்றைக்கு நீ வாசிக்காதே. வேறு யாரையாவது உட்கார வை. உன் குரல் கேட்டால் அவர் இருக்கிறார். கேட்காவிட்டால் இல்லை. நீ எனக்கு எழுதவும் வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். இது போதும்.

உன் அன்புத் தங்கை,
பொடிசு

பிப்ரவரி 17

அன்புள்ள பொடிசுக்கு,

நான் நலம். தொண்டையும் நலம், வெந்நீரும் உப்பும் காப்பாற்றுகின்றன. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் லென்ஸ் தேய்த்துக் கொடுத்து உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இப்படி ஒரு யோசனை உனக்கு எங்கிருந்து வருகிறது? ஆனால் நாலு தடவை படித்த பிறகு, உன் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்பேன் என்று தோன்றியது.

மழைக்கும் சாவுக்கும் ஒரே குரலா என்கிறாய். அதுதானம்மா தொழில். என் குரல் நடுங்கினால் அத்தனை வீட்டு அடுப்படியும் நடுங்கும். நடுங்க வேண்டியதை எல்லாம் என் அறைக்கு வந்து நடுங்கிக்கொள்கிறேன். அங்கே கேட்க ஆளில்லை.

நான் வாசிக்கிற அறையை நீ பார்த்ததில்லை. தாள் உரசுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று மேசை மேல் கம்பளி விரித்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிவப்பு விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். அவர் கையெழுத்துப் போடாத ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரக் கூடாது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரே சிக்கல், ஞாயிறு எனக்கு ஓய்வு நாள். இனி ஞாயிறும் வருகிறேன் என்று நிலைய இயக்குநரிடம் சொன்னேன். "ஏன் சார், வீட்டுல பொழுது போகலையா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன், அதில் பொய் இல்லை. ஞாயிறு கத்தரிக்கோல் வரமாட்டார். அவருடைய உதவியாளர் வந்து தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுவார்.

மாப்பிள்ளை எழுதினால் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உன் தொண்டையும் சுகம் என்று தினமும் ஏழு மணிக்குத் தெரிந்துகொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ வாசிக்கிற செய்தியை இப்போது நான் கேட்பதே இல்லை. "வணக்கம்" என்பாயே, அதைக் கேட்டதும் அணைத்துவிடுகிறேன். அந்த ஒரு சொல்லில் எனக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடுகிறது. அதனால் போர் எங்கே எப்படி நடக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். அண்ணன் ரேடியோவில் செய்தி வாசிக்கிறான், தங்கைக்கு ஒரு செய்தியும் தெரியவில்லை என்று முதலாளி தினமும் கேலி செய்கிறார்.

கடையில் படிக்கிற கண்ணாடிதான் அதிகம் போகிறது. பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க அம்மாக்கள் வருகிறார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்து, இருப்பதிலேயே சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்வது எங்கள் கடையின் வழக்கம். இப்போது பேப்பரில் அவ்வளவு சின்ன எழுத்தில் வருவது இறந்தவர்களின் பெயர்கள் மட்டும்தான். போன வாரம் ஒரு அம்மா ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு, "நல்லாத் தெரியுதும்மா" என்றார். அன்றைக்கே பேப்பரை எடுத்துவிட்டுப் பழைய சமையல் புத்தகம் ஒன்றை வைத்துவிட்டேன்.

அவரிடமிருந்து கடிதம் வந்தது. பாதியை மை பூசி அழித்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் சாப்பாடு பரவாயில்லை என்று இருக்கிறது. மச்சான் வாசிப்பது அங்கேயும் கேட்கிறதாம், எல்லோரிடமும் பெருமையடிக்கிறாராம்.

பொடிசு

மே 28

அண்ணா,

உன் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. உன்னைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்கி, வழிந்து, கருகி, வீடெல்லாம் புகை. எனக்கு எழுந்து அணைக்கத் தோன்றவில்லை. கீழ் வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டினாள். "என்னாச்சு? என்னாச்சு?" என்கிறாள். "எங்க அண்ணன் வாசிக்கல" என்கிறேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரேடியோவில் அண்ணன் வரவில்லை என்று ஒருத்தி தரையில் உருண்டு அழுதால் யாருக்குத்தான் புரியும்?

மறுநாள் கடைக்குப் போனேன், வேறு எங்கே போவது என்று தெரியாமல். அன்றைக்கும் அந்தப் பெண் குரல்தான். அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று எழுத மாட்டேன். தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

நேற்று உன் வணக்கம் வந்தது. உடைந்த பானையைத் தட்டின மாதிரி இருந்தது குரல். தொண்டை கட்டிக்கொண்டதா உனக்கு? தொண்டையா அண்ணா?

பொடிசு

ஜூன் 8

அன்புள்ள பொடிசுக்கு,

உதை. வந்து வாங்கிக்கொள்கிறேன்.

காய்ச்சலில் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். நினைவு வந்ததும், "வணக்கம் சொல்லணும், வண்டி கூப்பிடுங்க" என்று கத்தியிருக்கிறேன். கத்துவதாக எனக்கு நினைப்பு, சத்தமே வரவில்லையாம். டாக்டர் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று இன்னொரு ஊசி போட்டார். தந்தி கொடுக்கலாம் என்றால் தந்தியும் தொலைபேசியும் ராணுவத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

நீ கருகவிட்ட பாலை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அப்படித் தரையில் கிடக்க, நான் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இனி ஒரு காலத்திலும் உன்னை அப்படி அழவிட மாட்டேன். இது சத்தியம்.

மாப்பிள்ளை சுகம்தானே? அடுத்த கடிதத்தில் நான் கேட்டதாக எழுது.

அண்ணன்

ஜூலை 14

அன்புள்ள பொடிசுக்கு,

நான் நலம். நீ நலமா? மாப்பிள்ளை எழுதினாரா?

நீ செய்தி கேட்காததால் நானே சொல்கிறேன். புது உத்தரவு வந்திருக்கிறது. இனி எண்ணிக்கை கிடையாது, "சிறு இழப்பு" என்று மட்டும் வாசிக்க வேண்டும். பெயர்களும் கிடையாது, ரேடியோவிலும் சரி, பேப்பரிலும் சரி. மக்கள் மனம் தளர்கிறதாம். பெயர்த் தாள் மட்டும் வழக்கம்போல் மதியம் வருகிறது. அதை நாங்கள் பார்க்கிறோம், பிறகு கத்தரிக்கோல் வாங்கிப் பூட்டி வைக்கிறார். வாசிக்கிற தாள் மெலிந்துகொண்டே போகிறது, வாசிக்காத தாள் கனத்துக்கொண்டே போகிறது.

நேற்று நிலையத்தின் வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். கையில் மகன் படம். ரொட்டிக் கடையில் வேலை பார்த்த பையனாம். வீட்டுக்குத் தகவல் வந்துவிட்டது, ரேடியோவில் மட்டும் பெயர் வரவில்லை. "எல்லார் பேரையும் படிச்சீங்களே தம்பி, எம்புள்ள பேர மட்டும் ஏன் படிக்கல? அவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டார். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை.

அண்ணன்

ஆகஸ்ட் 11

அன்புள்ள பொடிசுக்கு,

நான் நலம். நீ நலமா? நன்றாகச் சாப்பிடு.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. என் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன், பச்சை நிறம். மாடிப்படியில் ஒரு பூனை வந்து குடியேறியிருக்கிறது. என் குரல் அதற்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிறது. தண்ணீர் இரண்டு நாளாகச் சரியாக வருகிறது.

நீ ஒரு மாதம் இங்கே வந்து இருந்தால் என்ன? முதலாளியிடம் லீவு கேள். நல்ல மனுஷன், கொடுப்பார். பக்கத்தில் பூங்கா இருக்கிறது, காலாற நடக்கலாம். தனியாக அங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய்?

கடிதம் வருவது நின்றுவிட்டதே என்று கவலைப்படாதே. எல்லைத் தபால் எல்லாமே தாமதம்தான். ராத்திரியில் கீழ் வீட்டுக்காரியைத் துணைக்குப் படுக்கச் சொல். நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். இரண்டு தடவை சாப்பிடச் சொல்லியிருக்கிறாய், இரண்டு தடவையும் சாப்பிட்டேன்.

பேப்பரில் சின்ன எழுத்து நின்றுபோனதிலிருந்து, போர் தணிந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சமையல் புத்தகத்தை எடுத்துவிட்டு மறுபடியும் பேப்பரையே வைக்கலாம் என்கிறார் முதலாளி. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு முழுக்கைச் சட்டை ஒன்று தைக்கிறேன். எல்லையில் குளிர் அதிகமாம். கை மட்டும் பாக்கி.

அண்ணா, அவர் கடிதம் நின்றுபோனது நிஜம்தான். ஜூலை பாதியோடு சரி. ஆனால் அதை நான் உனக்கு எழுதவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்? எப்போதும் "மாப்பிள்ளை சுகமா" என்று கேட்பாயே, இந்தத் தடவை அதையும் கேட்கவில்லை. பூனையைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறாய்.

தெரிந்ததை எழுது. நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஏழு மணி இருக்கிறது. கடிதத்தில் நீ எதை வேண்டுமானாலும் மறைப்பாய். அந்த வணக்கத்தில் மட்டும் என்னை ஏமாற்ற மாட்டாய்.

பொடிசு

அக்டோபர் 5

அண்ணா,

நேற்றுக் காலை ராணுவத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் பேசினார். சின்னவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். "உறுதிப்படுத்த நேரமாயிடுச்சும்மா, அந்தப் பக்கம் போகவே முடியல" என்றார். எப்போது என்று கேட்டேன். ஜூலை கடைசி என்றார்.

என் ஆகஸ்ட் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஆனால் தினமும் வணக்கம் சொன்னாய். நான் அதைத்தான் நம்பினேன். செப்டம்பரில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். யாருக்கு அண்ணா? அவர் மண்ணுக்குள் போய் எத்தனை நாள் கழித்து, அவருக்குக் கழுத்து சரியாக இருக்குமா என்று என் கழுத்தில் வைத்து அளந்து பார்த்தேன்.

நீ எழுதாததற்கு எனக்குக் கோபம் இல்லை. எழுத யாருக்குத்தான் கை வரும்? நீ வணக்கம் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. உன்னிடம் நான் கேட்டது பேச அல்ல. பேசாமல் இருக்கத்தான் கேட்டேன். அதைக்கூட நீ செய்யவில்லை.

இந்த ஊரில் யாருக்கும் அவர் போனது தெரியாது. பெயர் எதிலும் வரவில்லை. கடைக்கு வந்த ஒரு அம்மா, "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வர்றார், எங்க தெருவுல லைட்டே எரியல" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் செத்தது எனக்கும் உனக்கும் அந்த இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் மாதிரி இருக்கிறது.

ரேடியோவை நேற்று திறக்கவில்லை.

பொடிசு

அக்டோபர் 16

அன்புள்ள பொடிசுக்கு,

உன் நலம் கேட்க எனக்கு முகமில்லை.

அன்றைக்கு மதியம் தாளில் அவர் பெயர் இருந்தது. இயக்குநரிடம் போய், இன்று என்னால் முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவரும் சரி என்றார். ஆறரைக்கு மேல் அந்தப் பெண் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்தாள். உடனே நீ அடுப்படியில் கிடக்கிறதும் பால் கருகுகிறதும் என் கண் முன்னால் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவள் வாயைத் திறப்பாள், அங்கே என் தங்கை விழுவாள், தூக்க ஆளில்லை. அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். இன்று ஒரு நாள் மட்டும், நாளைக்கு நேரில் போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன். போரில் யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். மறுநாளும் இன்று ஒரு நாள் என்றுதான் உட்கார்ந்தேன். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவரை ஒரு நாள் உயிரோடு வைத்திருப்பதாக எனக்கு நினைப்பு. எனக்கும் அவர் வேண்டியிருந்தார், பொடிசு. எனக்கு யார் இருக்கிறார்கள், நீயும் அவரும்தானே?

அவர் போனது யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு, மாதக் கடைசி ஞாயிறு, ஏழு மணிக்கு ரேடியோவைத் திற. வணக்கத்தோடு அணைத்துவிடாதே. மழைச் செய்தி முடிகிற வரைக்கும் கேள்.

அண்ணன்

நவம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ?

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். முதலாளியையும் கீழ் வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டேன். நீ வணக்கம் என்றதும் என் கை பழக்கத்தில் அணைக்கப் போனது. முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார்.

மழைச் செய்தி முடிந்தது. நீ தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது. "இதுவரை வாசிக்கப்படாத பெயர்கள்" என்றாய். முதல் பெயர் அவருடையது. ஊர், அப்பா பெயர், மின்கம்பத் தொழிலாளி என்பது வரைக்கும் எதையும் விடவில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. மழைக்கு வாசித்த அதே குரல். ஒரு காலத்தில் அந்தக் குரலைத்தான் குறை சொன்னேன். அவர் பெயரை அப்படி நேராக, உடையாமல், நாடு முழுக்கக் கேட்கிற மாதிரி நீ சொன்னபோது, அதற்காகத்தான் அந்தக் குரலை இத்தனை வருஷம் பழக்கினாய் என்று தோன்றியது. ரொட்டிக் கடைப் பையன் பெயரும் வந்தது. அந்த அம்மா கேட்டிருப்பார். ஒன்பதாவதோ பத்தாவதோ, ஒரு பெயர் பாதியில் நின்றது. கதவு திறக்கிற சத்தம். அப்புறம் வெறும் இசை.

திங்கட்கிழமை கடைக்கு வந்த அத்தனை பேரும் என்னிடம் துக்கம் கேட்டார்கள். தெரு விளக்கு எரியவில்லை என்று கேட்ட அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நாலு வாரமாக வராத அழுகை. உன் மேல் இருந்த கோபம் அதிலேயே போய்விட்டது.

திங்கள் ஏழு மணிக்கு வேறு ஒரு ஆள் வணக்கம் சொன்னான். நேற்றும் அவன்தான். இன்றும் அவன்தான்.

உன் குரல் கேட்காவிட்டால் இன்ன அர்த்தம் என்று நான்தான் வைத்தேன். அது உனக்கும் வரும் என்று நினைக்கவில்லை. எனக்கு அந்த அர்த்தம் வேண்டாம். உன் அறை முகவரிக்கே இதை அனுப்புகிறேன். நீ இல்லாவிட்டால் பிரிப்பவர்கள் யாராவது உன்னிடம் சேர்க்கட்டும்.

தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒரு வரி எழுது அண்ணா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, நம்பிக்கொள்கிறேன்.

உன் தொண்டையின் சுகத்தை விசாரிக்கும்,
பொடிசு